அக்காவின் ஆசனத்தில் ஓர் எண்ணெய்த் தாங்கி

எங்கள் அத்தான் பஸ்தியாம்பிள்ளை ஆகாய விமானம் கட்டுகிறார் என்று கேள்விப்பட்டபோது லண்டன் ஹவுன்ஸ்லோத் தமிழர்களில் பாதிப்பேர் நம்பவில்லை. மீதிப்பேர் அவருக்கு மூளை தட்டிவிட்டது என்றார்கள். நான் இரண்டாவது கட்சி. என் அக்கா இம்மாகுலேற்றைக் கட்டியவர் என்பதால் வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஹீத்ரோவில் பொதி ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. மற்றவர்களின் பெட்டிகளை விமானத்துக்குள் தள்ளிவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வருகிற மனுசன், ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருக்கும்போது பறக்கப் பழகி லைசென்ஸ் எடுத்தார். அதற்குப் பிறகு ஒருநாள் பெரிய மரப்பெட்டிகளில் ஒரு விமானம் துண்டு துண்டாக வந்து அவருடைய கராஜில் இறங்கியது. அங்கே இருந்த அரிசி மூட்டைகளும் ஃப்ரீஸரும் வீட்டின் முன்னறைக்கு வந்தன. அக்கா கொஞ்சநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு பார்த்தால், அவரும் கராஜுக்குள்தான்.

அலுமினியத் தகட்டில் றிவெற் ஆணி அறைவது தனியாள் செய்யும் வேலை இல்லை. ஒருவர் இந்தப் பக்கம் அறைய, மற்றவர் அந்தப் பக்கம் ஓர் இரும்புக் கட்டியை ஆணியின் அடியில் அழுத்திப் பிடிக்கவேண்டும். பிடிப்பது அக்கா. காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு, செபமாலை சொல்கிற நேரம் தவிர்ந்த பின்னேரமெல்லாம் பிடித்தார். அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் அதற்கு முன்னர் பார்த்ததில்லை. கதைக்கத் தேவையில்லாத வேலை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். விமானத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆசனங்கள். இடது அத்தானுக்கு, வலது அக்காவுக்கு.

விமானம் முடியும் முன்பே ரொறொன்ரோவில் மகள் ஷெறோனுக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளைப்பேறு பார்க்கத் தாய் போவது எங்கள் சனத்தில் கேட்டு முடிவெடுக்கிற விஷயம் இல்லை. அக்கா பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கச் சரக்குத்தூளைக் கட்டிக்கொண்டு போனார். "முப்பத்தொண்டு கழிய வந்திடுவன்," என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். முப்பத்தோராம் நாள் துடக்கு கழிந்தது. பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல். பிறகு ஷெறோன் வேலைக்குத் திரும்பவேண்டும். பிறகு பல் முளைத்தது, நேர்சரி வந்தது. இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். அதற்குள் விமானமும் முடிந்து பறக்கத் தொடங்கிவிட்டது.

சண்டை ஒன்றும் இல்லை. தினமும் வீடியோ கோல். என்ன சமைத்தீர்கள், குளிரா, மருந்து போட்டீர்களா. அத்தான் ஒருநாளும் "வா" என்று சொன்னதில்லை.

"தாயைப் பிள்ளையிட்டை இருந்து பறிக்கிறதே? அவவுக்காத் தோணி வரவேணும்," என்பார். பின்னர் மெல்ல, "கொக்காவோடை கதைச்சால், பிளேன் நல்லாப் பறக்குதெண்டு சொல்லிவிடு றொஜன்."

நான் சொல்வேன். அக்கா, "நல்லது" என்பார். எனக்கு இரண்டு பேரையும் பிடித்து நிறுத்தி ஆளுக்கொன்று வைக்கவேண்டும் போல இருக்கும்.

பேரன்தான் புகைக் கதையைத் தொடக்கினான். ரொறொன்ரோ ஏரிக்கரையில் விமானங்கள் புகைவிட்டு விளையாடுவதைப் பார்த்துவிட்டு வந்தவன், அம்மப்பாவின் பிளேன் புகை விடாதா என்று கோலில் ஆங்கிலத்தில் கேட்டான். பக்கத்தில் இருந்த அக்கா சிரித்துவிட்டு, "விட்டால் வந்து பாப்பம், என்ன?" என்றார். பிள்ளையைச் சமாளிக்கச் சொன்ன பேச்சு. அத்தான் அதைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சனிக்கிழமையே என்னை இழுத்துக்கொண்டு, விமானம் நிற்கும் புல்வெளிக்குப் போனார். மோட்டர்வேயில் ஒரு மணித்தியாலத் தூரம்.

புகை என்பது பெரிய வித்தை இல்லை. ஒரு தாங்கியில் மெல்லிய எண்ணெய். ஒரு சின்ன மின்பம்ப் அதை இழுத்து, எஞ்சினின் சூடான புகைக்குழாய்க்குள் தெளிக்கும். எண்ணெய் எரியாமல் ஆவியாகி வெள்ளையாக வெளியே வரும். சிக்கல் தாங்கியில்தான். பின்னால் வைத்தால் வால் பாரமாகிவிடும் என்று சோதிக்க வந்த வெள்ளைக்காரர் மறுத்துவிட்டார். முன்னால் இடமில்லை. மிச்சம் இருந்தது வலது ஆசனம்.

அத்தான் அன்று ஒரு தேத்தண்ணி முழுக்க ஆறும்வரை அந்த ஆசனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் செய்த வேலையை நான் வாழ்க்கையில் மறக்கமாட்டேன். தாங்கியைத் தாங்க ஒரு சட்டம். அதை ஆசனத்தோடு பிடிக்க, இழுத்தால் கழன்று வரும் இரும்பு முளைகள். ஒரு துளியும் சிந்தாமல் கழற்றக்கூடிய குழாய்ப்பூட்டு. நிரந்தரமாகப் பூட்டினால் ஒரு கிழமையில் முடிகிற வேலைக்கு மாரிகாலம் முழுவதையும் தின்றார். குளிரில் விரல் விறைத்து எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இறுக்கிப் பூட்டிவிட்டால் என்ன, அத்தான்? ஆர் வந்து இருக்கப்போகினம்?"

"அது கொக்கான்ரை இடம். எண்ணெய்க்குக் குடுக்கேலாது."

நான் அடுத்த முளையை எடுத்துக் கொடுத்தேன்.

முதல்முறை புகைவிட்ட வீடியோ கோயில் முழுக்கச் சுற்றியது. ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணிக்கு நின்றபோது ஆம்பிளைகள் விடவில்லை. "என்ன பஸ்தி அண்ணை, வெள்ளைப் புகை வந்திட்டுதாம், புதுப் பாப்பரசர் ஆர்?" என்றார்கள். அத்தானும் சிரித்தார். வீடியோ ரொறொன்ரோவுக்கும் போனது. யூன் மாதம் கோயிலில் என் மகளின் உறுதிப்பூசுதல் சடங்குக்கு வருவதாக அக்கா சொன்னார். பேரனுக்குப் பள்ளிக்கூடம், ஷெறோனுக்கு லீவில்லை. தனியாகத்தான் வருகிறார். அத்தான் அதைக் கேட்டு, வீட்டுக்கு முன்னால் இருந்த புல்லை இரண்டு தரம் வெட்டினார்.

அக்கா வந்திறங்க முதல்நாளே தாங்கியைக் கழற்றிவிட்டார். ஆசனத்தைத் துடைத்து, ஹவுன்ஸ்லோ ஹை ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஒரு மெத்தையையும் போட்டார்.

உறுதிப்பூசுதல் நல்லபடி முடிந்து, அடுத்தநாள் மூவரும் புல்வெளிக்குப் போனோம். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு விமானத்தைச் சுற்றி நடந்தார். இறக்கையின் அடியில் ஆணிகள் மேல் விரலை ஓட்டி, "இந்த வரிசை நான் பிடிச்சது," என்றார். அத்தானின் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

"ஏறும்," என்று கதவைத் திறந்தார்.

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். "புகை விடுற சாமான் எங்கை?"

"கழட்டி வைச்சிட்டன். நீர் இருக்க."

"ஐயோ, அதைப் பூட்டுங்கோ. அம்மப்பா புகை விடுறதை எடுத்து அனுப்பச் சொல்லி அவன் நேற்று அழுதவன். நான் கீழை நிண்டு எடுக்கிறன்."

அத்தான் மெத்தையை எடுத்து என் கையில் தந்தார். தாங்கியைத் தூக்கி வைத்தார், முளைகளைச் செருகினார், குழாயை மாட்டினார். தேத்தண்ணி ஊற்றுகிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமாகப் பூட்டக்கூடியதாக ஏன் செய்து தொலைத்தார் என்று எனக்குக் கோபமாக வந்தது.

தனியே மேலே போனார். நீல வானத்தில் வெள்ளைக் கோடு ஒன்று இழுத்து, அதை ஒரு பெரிய வளையமாக முடித்தார். அக்கா கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி பேசிக்கொண்டே எடுத்தார். வடிவாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

இறங்கி வந்தவரிடம் அக்கா வீடியோவைக் காட்டினார். புகை வளைந்து வளைந்து போனது, மேலே அக்காவின் குரல்: "பாத்தியா செல்லம், அம்மப்பா. அம்மம்மா வியாழக்கிழமை வீட்டை வந்திடுவன், என்ன?"

அத்தான் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். கைத்துணியால் எண்ணெய்க் கையைத் துடைத்தார், துடைத்து முடிந்தும் துடைத்தார்.

"இஞ்சேரும்," என்றார். "இஞ்சையே நிண்டிடுமன்."

அக்கா கைபேசியைக் கைப்பைக்குள் வைத்து மூடினார்.

"இதை அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே. முப்பத்தொண்டு முடிஞ்ச கையோடை நான் பெட்டி கட்டி வைச்சிட்டு இருந்தனான், நீங்கள் வா எண்டுவியள் எண்டு. ஒவ்வொரு கோலிலையும் பாத்தனான். நீங்கள் மழையைப் பற்றித்தானே கதைச்சியள்."

"நீராகவே வருவீர் எண்டு இருந்திட்டன்."

"இப்ப அவன் நான் இல்லாட்டில் சாப்பிடான்."

"ஓம்," என்றார் அத்தான். "அது சரிதான்."

நான் திரும்பி நின்றுகொண்டேன். முளைகள் கழலும் சத்தம் கேட்டது. பார்த்தபோது தாங்கி புல்லில் இருந்தது, அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வலது ஆசனத்தில் ஏறியிருந்தார். மெத்தையை நான் கொடுக்கவுமில்லை, அவர்கள் கேட்கவுமில்லை. பெல்ட்டை அத்தான்தான் பூட்டிவிட்டார். விமானம் மேலெழுந்து மரங்களுக்கு அப்பால் போனது. புகை இல்லாததால் கொஞ்ச நேரத்தில் எந்தப் பக்கம் போனார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்கள். மேலே என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அக்கா போய்விட்டார். சனிக்கிழமை தாங்கியைத் திரும்பப் பூட்ட உதவிக்குப் போனேன். அத்தான் அதைத் தூக்கி என் காரின் பின்பக்கம் வைத்தார்.

"உன்ரை கராஜிலை வை," என்றார். "அவ வந்தால் இடம் வேணும்."