காலில் கை எலும்பு

ஓடுகிறவன் படிக்கவும் வேண்டும் என்று விதி செய்தவர், ஒரு நாளாவது ஓடிவிட்டுப் பாடப்புத்தகத்தைத் திறந்திருக்க மாட்டார். என்னைப்போல இரண்டு தோணியில் கால் வைத்தவர்களுக்கு இது புரியும்.

நான் குளச்சல்காரன். நாகர்கோவிலில் இண்டர்மீடியட் படித்தபோது கல்லூரிக்காக மைல் ஓட்டம் ஓடினேன். சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர் படிப்பில் சேர ஆசை. அதற்கு ஓட்டத்தில் சான்றிதழும் வேண்டும், உயிரியலில் தேர்ச்சியும் வேண்டும். இரண்டில் எது போனாலும் அப்பாவின் கருவாட்டுக் கடைதான்.

நாடி பார்த்த கதை

உழைக்கும்போது நாடி எப்படி ஏறுகிறது என்று புத்தகத்தில் ஒரு பாடம். காலையில் கடற்கரையில் ஓடிவிட்டு என் நாடியை எண்ணிப் பார்த்தேன். ஒரே ஆளின் கணக்கு போதாது என்று தோன்றியது.

பக்கத்தில் கரைமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுத்து வலையைக் கரையேற்றும் வேலை. வியர்த்து நின்ற சூசை மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து எண்ண ஆரம்பித்தேன். அவர் கை கயிற்றை விட்டது. அந்தப் பக்கம் தளர்ந்து வலை கோணியது. பாதி மீன் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

சூசை மாமா சொன்னார்: "ஏலே, எனக்குத் துடிக்கியது எனக்குத் தெரியும். போன மீனுக்குத் துடிக்குதான்னு கடல்ல எறங்கிப் பாத்துட்டு வா!"

தவளை காத்திருந்தது

மைல் ஓட்டத் தேர்வும் தவளை அறுக்கும் வகுப்பும் ஒரே மத்தியானத்தில் வந்தன. தவளையைத் தட்டில் ஊசி குத்திக் கிடத்திவிட்டு, ஜன்னல் வழியாக இறங்கி ஓடினேன். முதலாவதாக வந்தேன். சான்றிதழ் உறுதியானது. அந்தப் பூரிப்பில் திரும்பி வந்தால், தவளை காய்ந்து கிடந்தது. பேராசிரியர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

தவளையைப் பார்த்தார், மூச்சு வாங்கிய என்னைப் பார்த்தார். "குதிக்க வேண்டியது கெடக்கு. கெடந்து படிக்க வேண்டியது குதிச்சிட்டு வருது."

ஊதாப் பென்சில்

பரீட்சைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. எலும்புகளின் பெயர் ஒன்றும் தலையில் நிற்கவில்லை. ஓடும்போதே படிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். என் கூட்டாளி செல்லையன், எங்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர், எச்சில் தொட்டு எழுதும் ஊதாப் பென்சிலால் என் கை கால்களில் அந்தந்த எலும்பின் பெயரை எழுதினான். குனிந்து படித்துக்கொண்டே ஓடினேன். வியர்வையில் மங்க மங்க மறுபடி எழுதினான். அவன் அந்தப் புத்தகத்தைத் திறந்ததே அப்போதுதான் என்பதை நான் யோசிக்கவில்லை.

பரீட்சை நாளில் பஸ் தாமதம். முழுக்கைச் சட்டையோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். வாசலில் மேற்பார்வையாளர். பெரியவர்கள் முன்னால் மடித்த வேட்டியை இறக்கிவிடுவதுதானே நம் ஊர் மரியாதை? இறக்கினேன். நான் எதையோ மறைப்பதாக அவர் நினைத்துவிட்டார்.

"தூக்குலே வேட்டிய."

தூக்கினேன். முழங்காலுக்குக் கீழே ஊதா எழுத்து, சோப்புக்கும் அசையாமல். மண்டபமே பார்த்தது. கருவாட்டு வாடை அங்கேயே எனக்கு அடித்தது, அழுகையும் முட்டியது. அவர் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து வாசித்தார்: அல்னா, ரேடியஸ். அவரும் உயிரியல்காரராம்.

"மக்கா, இது ரெண்டும் கையெலும்புல்லா? இதப் பாத்து எழுதினா முட்டதான் கிட்டும். போயி இரி."

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இரண்டு வாரமாக நான் மனப்பாடம் செய்தது இதைத்தானே! கேள்வித்தாளில் எலும்புகள் வந்திருந்தன. கையென்று படித்ததைக் காலுக்கும், காலென்று படித்ததைக் கைக்கும் எழுதிவைத்தேன். தேறினேன்.

இடம் கிடைத்ததாகச் சென்னையிலிருந்து கடிதம் வந்ததும் செல்லையனை அடிக்கத்தான் போனேன். அவன் அசரவில்லை. "நான் தப்பா எழுதினதாலல்லா உன்ன விட்டாரு? ஒழுங்கா எழுதியிருந்தா நீ இப்பம் கருவாடுல்லா வித்துட்டிருப்ப!"

உடற்பயிற்சி ஆசிரியராகி இத்தனை வருடம் எலும்புப் பாடம் நடத்திய பிறகும், கரும்பலகையில் எழுதுவதற்கு முன் ஒருமுறை குனிந்து என் காலைப் பார்த்துக்கொள்கிறேன்.