அம்மா வீட்டு முகவரியில் என் கம்பெனி

ஜன்னலுக்குக் கொசு வலை தைத்து விற்கிறேன். இரும்புலியூரில் ஒரு வாடகை வீட்டு மாடி, அதில் கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவே கிடக்கிற தையல் மெஷின், இதுதான் என் கம்பெனி. ஜன்னல் அளவு வாட்ஸப்பில் வரும், பாதி பேர் தப்பாகத்தான் அனுப்புவார்கள். வெப்சைட் இருந்தால் வெளியூர் ஆர்டரும் வரும் என்று என் கணவர் உசுப்பேற்றிவிட, அதையும் போட்டேன். படமெல்லாம் அழகாகவே வந்தது. ஆன்லைனில் பணம் வாங்கித் தருகிற நிறுவனம்தான் முட்டுக்கட்டை போட்டது. ‘தொடர்புக்கு’ என்ற பக்கம் காலியாக இருக்கிறதாம். கம்பெனி பெயர், நடத்துகிறவர் பெயர், முழு முகவரி, போன் நம்பர், புகார் கேட்க ஓர் ஆள், இத்தனையும் வாங்குகிறவர் கண்ணில் படும்படி இருந்தால்தான் பணம் வரும் வழியைத் திறப்பார்களாம்.

நியாயம்தான். முகம் தெரியாத ஒருத்திக்குப் பணம் கட்டுகிறவர்களுக்கு அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிய வேண்டாமா? பெயர் இருக்கிறது, போன் இருக்கிறது, புகார் என்றால் திட்டு வாங்க நானே இருக்கிறேன். முகவரிக்கு எங்கே போவது?

கீழே குடியிருக்கிற ஹவுஸ் ஓனரிடம் போய் நின்றேன். “ஏம்மா, குடியிருக்கத்தானே வீடு விட்டேன்? நீ கம்பெனின்னு நெட்ல போட்டு, அதை ஈ.பி.காரங்க பார்த்து மீட்டரைக் கமர்ஷியல் ஆக்கிட்டா நான் என்ன பண்றது?” என்றார்.

“ஒரு மெஷின்தானே சார்.”

“மெஷின் இருக்கட்டும்மா. அட்ரஸ் மட்டும் வேணாம்.”

மெஷின் இருக்கலாமாம், எங்கே இருக்கிறது என்று சொல்லக் கூடாதாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு மாடியேறினேன். வாடகை வீட்டில் கோபம்கூட மெதுவாகத்தான் பட வேண்டியிருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கிறுக்குப் பழக்கம் வந்தது. யார் யாருடைய வெப்சைட்டையோ திறந்து நேரே கடைசிக்குப் போய் முகவரியைப் படிப்பேன். சோபா விற்கிறவர், கேக் செய்கிறவர், பல் டாக்டர். கதவு எண், தெரு, பின்கோடு. என்ன தெனாவெட்டாகப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று வயிறு எரியும். “நகைக்கடை பார்க்கிற மாதிரி இதைப் போய்ப் பார்க்கிறியே” என்று கணவர் கிண்டல் செய்வார். அவருக்கென்ன, ஆபீஸ் இருக்கிறது.

கடைசியில் அண்ணனுக்குப் போன் செய்தேன். கீழ்க்கட்டளையில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டில்தான் அவன் குடும்பமும் அம்மாவும் இருக்கிறார்கள். அப்பா இல்லை. விஷயத்தைச் சொன்னதும், “போட்டுக்கோ, இதையெல்லாம் இன்னாத்துக்குக் கேட்டுகினு” என்றான்.

டைப் அடிக்கும்போது யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு குடியிருந்த வீட்டு நம்பர்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து மறந்துவிட்டன. பள்ளிக்கூட நோட்டு அட்டையில் எழுதி எழுதிப் பழகிய அந்தக் கதவு எண் மட்டும் விரலிலேயே இருந்தது. என் பெயரும் அந்த முகவரியும் கடைசியாகச் சேர்ந்து அச்சானது என் கல்யாணப் பத்திரிகையில். அதற்குப் பிறகு ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் நான் இன்னார் மனைவி, இன்னார் வீட்டு மாடி. இத்தனை வருஷம் கழித்து இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததும் வாய்விட்டு ஒருமுறை படித்தேன். பணம் வரும் வழியும் திறந்தது. ஆர்டர் வந்திருக்கிறதா என்று பார்ப்பதைவிட அந்தப் பக்கத்தைத்தான் நான் அடிக்கடி திறந்து பார்த்தேன்.

கோவளத்தில் ரூம் வாடகைக்கு விடுகிற ஒருவருக்கு வலை பெரிதாகிவிட்டது. மனுஷன் ஒரு போன் போடக் கூடாதா? முகவரியைப் பார்த்துக்கொண்டு நேரே கீழ்க்கட்டளைக்குப் போய்விட்டார். வாசலில் நின்று, “ஓனரம்மா இல்லையா? இது அவங்க வூடுதானே?” என்று அண்ணனைக் கேட்டிருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். கொடுத்த காபியைத் தொடவில்லை.

“தப்பா எடுத்துக்காத. ஊரே பாக்கற மாரி உன் பேரைப் போட்டு நம்ம வூட்டு அட்ரஸைப் போட்டுக்கீற. நாளைக்கு இதுவே ஒரு சாட்சி ஆயிடும்னு சொல்றாங்க.”

“யாரு சொல்றாங்க?”

“சொல்றாங்க. வூட்டுல பங்கு வேணாம்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துடு. அப்புறம் அட்ரஸ் பாட்டுக்கு இருக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்ல.”

“அட்ரஸைத்தானே கேட்டேன், வீட்டையா கேட்டேன்?” கத்தியே விட்டேன். கீழே ஹவுஸ் ஓனர் டி.வி. சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். நான் பங்கு கேட்கவும் இல்லை, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கோவளத்துக்காரர் கேட்டபோது, “ஆமா, அவ வூடுதான்” என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். சும்மா, வாய் வார்த்தைக்காவது. அதை நினைத்துத்தான் அன்றைக்கு அழுதேன்.

மறுநாளே தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல், முகவரியை மட்டும் மாத வாடகைக்கு விடுகிற ஓர் ஆபீஸைப் பிடித்தேன். ஒரே அறை. சுவர் முழுக்கக் கம்பெனிகளின் பெயர்ப் பலகை, தபால் வாங்கி வைக்க ஒரு பெண். என் பலகையைப் பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். அங்கே உட்கார எனக்கு நாற்காலி கிடையாது. பணம் வாங்கித் தருகிறவர்களுக்கு அதுவே போதுமாம். வீட்டுக்கு வந்து முகவரியை மாற்றினேன்.

சில நாள் கழித்து அம்மா போன் செய்தாள். அண்ணியின் போனில் அந்தப் பக்கத்தைத் தினமும் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அதுவரை தெரியாது.

“உன் பேருக்குக் கீழ நம்ம வூட்டு நம்பரு இருந்துச்சேடி. இப்ப வேற இன்னாவோ கீது?”

“இடம் மாத்திட்டேம்மா.”

அண்ணன் வந்துபோனதை அவளிடம் யாரும் சொல்லவில்லை என்று புரிந்தது. நானும் சொல்லவில்லை.

“நீ மெஷினைத் தூக்கினு இங்கயே வந்துடுவேன்னு இருந்தேன். பின்னாடி ரூமுல கெடந்த மூட்டையெல்லாம் எடுத்துட்டு, கழுவி வுட்டு வெச்சிருக்கேன்.”

முகவரி என்று ஒன்றைப் போட்டால் அங்கே ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அம்மாவுக்குத் தெரியும்.

“புது எடம் நல்லா கீதா? வெளிச்சம் வருதா? தையல் வேலையாச்சே.”

“வருதும்மா.”

“அப்ப மூட்டையெல்லாம் திரும்ப உள்ள வெச்சுடறேன்.”

“வேணாம்மா,” என்றேன். “கொஞ்ச நாளைக்கு அப்படியே இருக்கட்டும்.”