ஓரறை வீட்டில் ஒரு நேர்காணல்

ஜாலான் புசாரில் ஒரு சின்ன ஹோட்டலில் படுக்கை விரிக்கும் வேலை கண்மணிக்கு. ஊரார் படுத்தெழுந்த மெத்தைகளையெல்லாம் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டு வருகிறவளுக்குச் சொந்த வீட்டில் கட்டில் போட இடமில்லை. ஓரறை வாடகை வீடு. அவளும் மகள் கவிப்ரியாவும் தரையில் ஒரே மெத்தையில் படுப்பார்கள். கவிப்ரியாவின் அப்பா எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறான்; அவனைப் பற்றிப் பேச இதற்கு மேல் ஒன்றுமில்லை.

கவிப்ரியா பேட்மின்டனில் கெட்டிக்காரி. விளையாட்டுக்காகப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் ஓர் உயர்நிலைப்பள்ளி அவளை நேர்காணலுக்கு அழைத்திருந்தது. இடம் கிடைத்தால் வாரம் முழுக்க ஹாஸ்டல், சனி ஞாயிறுதான் வீடு. கிடைக்க வேண்டுமென்று கண்மணி வேண்டாத சாமியில்லை. கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் அவளுக்குத்தான்.

ஒரு வாரமாக வீட்டில் ஒத்திகை. கண்மணி வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தலைமையாசிரியர் மாதிரி உட்கார்ந்து, தெரிந்த ஆங்கிலத்தில் கேள்வி கேட்பாள். வீட்டை விட்டு ஹாஸ்டலில் இருக்க முடியுமா என்று கேட்டு முடிப்பதற்குள், "கேன் லா, நோ ப்ராப்ளம்" என்பாள் மகள். கண்மணிக்குச் சுருக்கென்றது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுடி. அவசரப்பட்டா டீச்சருங்களுக்குப் பிடிக்காது."

டீச்சர்களைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? பிடிக்காதது இவளுக்கு.

நேர்காணல் கணினி வழியாக நடந்தது. அந்த நேரத்தில் பெற்றோர் அறையில் இருக்கக்கூடாது என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இன்னோர் அறை உள்ளவர்களை நினைத்துப் போட்ட சட்டம். கண்மணி கொடியில் கிடந்த துணிகளை எடுத்தாள். பக்கத்து வீட்டு மங்களத்திடம் குக்கர் வைக்க வேண்டாமென்று கெஞ்சிவிட்டு வந்தாள். கடகடவென்று ஓடும் ஃபேனை நிறுத்தினாள். பிள்ளைக்குப் புழுங்குமே என்று தாழ்வாரத்து ஜன்னலைத் திறந்து வைத்து, வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

எதிர் ப்ளாக்கில் யாரோ துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேச ஓர் ஆளில்லை. இனி வேலை விட்டு வந்தால் தினமும் இப்படித்தான் என்று தோன்றியது.

உள்ளே மகள் டக்டக்கென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அந்த ஹாஸ்டல் கேள்வி வந்தது. கவிப்ரியா பேசவில்லை. கண்மணி ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். சொல்லித் தொலையேன்டி. என் வாயாலேயே கெடுத்தேனே, பாவி.

"முடியும்," என்றாள் கவிப்ரியா, ஆங்கிலத்தில், ஒருவழியாக. "ஆனா எங்கம்மாவுக்கு வேற யாரும் இல்ல. தினமும் போன் பண்ண விடுவீங்களா?"

அவர்கள் சொன்ன பதில் கண்மணியின் காதில் விழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. "வெளிய கேட்டுச்சாம்மா?"

"எங்க கேட்டுச்சு, மங்களம் வீட்டு டிவி சத்தத்துல."

உள்ளே போய் ஃபேனைப் போட்டாள். மடித்து வைத்திருந்த மெத்தையை எடுத்து, பகல் என்றும் பாராமல் விரித்து, விரிப்பைச் சுருக்கமில்லாமல் நான்கு மூலையிலும் இழுத்துச் செருகினாள். நன்றாக இருந்த மூலையைப் பிரித்து மறுபடியும் செருகினாள்.

"தினமும் பண்ண வேணாம்டி," என்றாள் திரும்பாமலே. "உனக்கு ப்ராக்டிஸ் இருக்கும். நான் இருந்துக்குவேன்."