சும்மா தொங்கிய கம்பி

நான் ஒட்டிய போர்ட் பழுதாகாது. பெருமைக்குச் சொல்லவில்லை. ஆறு வருடம் ஒரே கதிரையில் இருந்து ஈயம் உருக்கி ஒட்டியவள், எது ஒட்டு எது ஓட்டை என்று எனக்குத் தெரியும். கட்டடங்களின் சூடேற்றிகளுக்கு மின்போர்ட் செய்கிற தொழிற்சாலை அது, கெபெக்கின் லொங்குய் நகரில். என் வீடு இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்து இரண்டு மெட்ரோ மாறிப் போவேன். அவரவர் ஒட்டிய போர்ட்டின் மூலையில் நிறப் பேனையால் ஒரு புள்ளி வைக்கவேண்டும். என்னுடையது நீலம்.

இரண்டாயிரங்களின் கடைசியில் ஒரு மாரிகாலம், நீலப் புள்ளிப் போர்ட்டுகள் பரிசோதனையில் வரிசையாகப் பழுதென்று வரத் தொடங்கின.

அப்போதுதான் புதிதாக ஒரு பரிசோதனைப் பெட்டி வந்திருந்தது. சென்னையில் படித்துவிட்டு வந்த இளம் இஞ்சினியர் ஒருவர் செய்தது. உள்ளே, புரோகிராம் எழுதி இயக்கும் குட்டிக் கொம்பியூட்டர் போல, ஒரு மைக்ரோகொன்ரோலர் போர்ட் இருந்தது. நாங்கள் ஒட்டியதைப் பெட்டிக்குள் வைத்து, ஒரு கையால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் நடுவில் இருக்கும் பொத்தானை அமத்த வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் சரி, சிவப்பு எரிந்தால் பழுது. மற்றவர்களுக்குப் பச்சை. எனக்கு மட்டும் சிவப்பு.

மேற்பார்வை பார்த்த கெபெக் பெண், இந்த மாதத்துக்குள் திருந்தாவிட்டால் சாமான் அடுக்கிப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றிவிடுவேன் என்று பிரெஞ்சில் தன்மையாகச் சொன்னார். அந்தப் பகுதி எனக்குத் தெரியும். வேலை குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது அங்கே நிற்பவர்கள்தான்.

இஞ்சினியரிடம் போனேன். "தம்பி, உம்மட பெட்டியை ஒருக்காப் பாரும்."

"நான் எத்தனையோ தடவ செக் பண்ணிட்டேன் அக்கா. பெட்டி கரெக்டாதான் இருக்கு. உங்க சால்டரிங்லதான் எங்கயோ லூஸ் கான்டாக்ட்."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. வீட்டுக்கு வந்து சொன்னால், கணவர் "விடுமப்பா, பெட்டி கட்டினால் கண்ணுக்காவது நல்லது" என்றார். அன்று அவருக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

சனிக்கிழமை, பரிசோதனைப் பெட்டிக்குள் இருந்த அதே வகை மைக்ரோகொன்ரோலர் போர்ட் ஒன்றை வாங்கிவந்து, குசினி மேசையில் பிள்ளைகளின் கொம்பியூட்டரோடு பொருத்தினேன். நூலகத்தில் எடுத்த புத்தகம் பக்கத்தில். போர்ட்டின் இரண்டு ஓரத்திலும் கம்பி கொளுவும் பின்கள். ஒவ்வொரு பின்னுக்கும் நீ பேசப்போகிறாயா கேட்கப்போகிறாயா என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பேசும் பின் மின்சாரத்தை வெளியே விடும். அதில் ஒரு விளக்கைக் கொளுவி அணைந்து அணைந்து எரியவிட்டேன். கேட்கும் பின், வருகிற மின்சாரத்தைப் பார்த்து ஒன்று அல்லது பூச்சியம் என்று சொல்லும். அதில் ஒரு கம்பியைச் செருகி, மறுமுனையை எதிலும் தொடுக்காமல் விட்டேன். பூச்சியம் என்றுதான் வரும் என்று நினைத்தேன். திரையில் ஒன்றும் பூச்சியமும் மாறி மாறி ஓடின. கையைக் கிட்டக் கொண்டுபோனால் இன்னும் துள்ளின. எதிலும் கட்டாத கம்பி, அறையில் ஓடுகிற மின்சாரத்தை எல்லாம் என் கை வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு இருந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. பெட்டியிலும் அப்படி ஒரு கம்பி இருந்தது, மூடியைத் திறக்கும்போதெல்லாம் பார்த்ததுதான். போர்ட் பழுதென்றால் அந்தக் கம்பியைப் பூச்சியத்துக்கு இழுக்கும். நல்ல போர்ட் அதைத் தொடாது, கம்பி சும்மா தொங்கும்; கை கிட்ட வராதவரை பெட்டிக்கு அது ஒன்றாகவே தெரியும். அது மூடியின் வலது பக்கமாக ஓடியது. எல்லாரும் வலக்கையால் பொத்தானை அமத்துவார்கள், இடக்கையால் மூடியின் இடது பக்கத்தைப் பிடிப்பார்கள். நான் இடக்கைக்காரி. அடிமட்டத்தால் அடித்தும் ஒரு ரீச்சராலும் மாற்ற முடியாத கை. என் வலக்கை அந்தக் கம்பிக்கு மேலேயே கிடந்தது.

திங்கட்கிழமை இஞ்சினியரையும் மேற்பார்வையாளரையும் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினேன். பக்கத்து மேசைக்காரியின் மஞ்சள் புள்ளிப் போர்ட், ஏற்கெனவே பச்சை வாங்கியது, அதை வைத்து என் வழக்கப்படி அமத்தினேன். பச்சை. கையை எடுக்கவில்லை. திரும்ப அமத்தினேன். சிவப்பு. பிறகு என் நீலப் புள்ளி ஒன்றை மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். அவர் வலக்கையால் அமத்தினார். பச்சை, பத்துத் தரமும்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்தது, இனி நீயும் வலக்கையால் அமத்து என்றார்.

"முடியாது" என்றேன். கை பிழையில்லை, கம்பிதான் பிழை என்றேன். என் பிரெஞ்சில் ஆண்பால் பெண்பால் எல்லாம் புரண்டிருக்கும். அவருக்கு விளங்கியது.

இஞ்சினியர் மூடியைத் தூக்கி அந்தக் கம்பியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "புரோகிராம்ல ஒரே ஒரு வரி சேத்தா போதும் அக்கா. அந்தப் பின் ஒன்னுலயே நிக்கும்" என்றார்.

"வரியைப் பிறகு எழுதும். ஒட்டினதிலைதானே பிழை எண்டு சொன்னனீர்? ஒட்டியே காட்டிறன்."

பெட்டியைத் திறந்து, தொங்கிய கம்பிக்கும் மின்சாரப் பின்னுக்கும் நடுவே ஒரு சின்ன மின்தடையை வைத்து, இடக்கையால் ஒட்டினேன். இனி வரி இல்லாமலே கம்பி ஒன்றில் நிற்கும். அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானும் லெஃப்ட்தான் அக்கா" என்றார். "ஸ்கூல் சேக்குறதுக்கு முன்னாடியே அப்பா மாத்திட்டாரு. இல்லன்னா இத நானே கண்டுபிடிச்சிருப்பேன்."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபமும் அங்கேயே இருந்தது. "அதுக்கு நான் ஏன் பெட்டி கட்டப் போக வேணும்?" என்று கேட்டேன்.

பழுது என்று ஒதுக்கிய என் போர்ட்டுகள் மூன்று தட்டுகளில் இருந்தன. முதல் தட்டை இழுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் மூடியை வலக்கையால் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் தடுமாறி, இடக்கையால் அமத்தத் தொடங்கினார். பச்சை. அடுத்தது பச்சை. முதல் தட்டு முடிந்ததும் மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, இப்போது சந்தோஷமா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லி, இரண்டாவது தட்டை இழுத்து வைத்தேன்.