மங்களம் கட்டிய அறை

அம்மா உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. சாப்பிடும்போதுகூட ஒரு காலை ஊன்றிக் குத்தவைத்திருப்பாள், எந்த நேரமும் எழுந்து ஓடுகிறவள் போல. போன தை மாதம் அவள் இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "ஒரு நிமிஷம் ஒரு எடத்துல நிக்காது அந்தம்மா." அந்தப் பரபரப்பு எப்போது தொடங்கியது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்பா ஜம்புநாதன் ஹைதராபாத் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டி கட்டும் பிரிவில் தச்சர்களுக்கு மேஸ்திரி. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். குவார்ட்டர்ஸ் கிடைக்காததால் மெட்டுகுடாவில் ஓர் ஓட்டு வீட்டை வாங்கியிருந்தார். ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் வெற்று இடம். அதில் நாங்கள் ஆறு பேர். அப்பா, அம்மா, நான், நான்கு வயது பாலு, ஒன்றரை வயது ராஜம், அப்புறம் அப்பாவின் அக்கா பாமா அத்தை. அத்தைக்குக் குழந்தை இல்லை, புருஷனும் இல்லை.

அந்த ஓடு வெயிலைத் தாங்கும், மழையைத் தாங்காது. ஆனியில் தொடங்கினால் மண்சுவர் ஆள் உயரத்துக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஐப்பசி வரை ஈரமாகவே நிற்கும். முப்பத்தாறாம் வருஷ மழையில் பாலுவுக்கு இழுப்பு வந்தது. விலா எலும்புகள் உள்ளே போய் உள்ளே போய் வரும். ஒரு நாள் மத்தியானம் அவன் உதடு நீலமாகிவிட்டது. அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் டாக்டர் வீட்டுக்கு ஓடினாள். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "இந்தப் பையனுக்கு மருந்தைவிடக் காய்ந்த அறைதான் முக்கியம். இன்னொரு மழையை இதே வீட்டில் தாங்குவான் என்று நான் சொல்லமாட்டேன்" என்றார்.

அம்மா அந்த வார்த்தையை வீட்டுக்கு எடுத்துவந்து இறக்கி வைக்கவே இல்லை. மழை நின்றதிலிருந்து அப்பாவை அரித்தாள். பின்பக்கம் ஓர் அறை. கல் அஸ்திவாரம், செங்கல் சுவர், மேலே ஓடு இல்லை, ஊர்ப்பக்கம் போடுவது போலச் சுண்ணாம்புத் தளம். ஆனி பிறக்கும்போது வரும் மிருகசீரிட மழைக்குள் முடிய வேண்டும். ஹைதராபாத்தில் மழை அந்தக் கணக்கில்தான் வரும்.

பங்குனியில் வேலை தொடங்கியது. காசிம் மேஸ்திரி என்பவர் கொத்தனார். லாலாகுடாத் தமிழர்களோடு இருபது வருஷப் பழக்கத்தில் ஒரு மாதிரித் தமிழ் பேசுவார். ஒர்க்‌ஷாப்பில் கழித்துப்போட்ட பெட்டிகளின் தேக்குச் சட்டங்களை அப்பா ஏலத்தில் எடுத்து உத்தரமாக இழைத்தார். ஒன்றில் பழைய பெயின்ட் போகாமல் 'மூன்றாம் வகுப்பு' என்று இங்கிலீஷில் பாதி தெரிந்தது. "நாம எல்லாரும் இனிமே தேர்ட் கிளாஸ்ல படுத்துத் தூங்கப் போறோம்" என்றார் அப்பா.

கூடத்தின் பின்சுவரை இடித்தார்கள். புது அறைக்கு வழி அங்கேதான். அன்றிலிருந்து வீடு ஒரு பக்கம் திறந்து கிடந்தது. சுண்ணாம்பு ஊறும் குழியில் ராஜம் விழுந்துவிடாமல் இருக்க அம்மா அவள் இடுப்பில் பழம்புடவையைக் கட்டி மறுமுனையைச் சமையலறை ஜன்னல் கம்பியில் முடிந்திருந்தாள். ராஜம் எட்டும் தூரத்தில் இருந்த செங்கல் தூளைத் தின்றாள். பாலுவின் மூச்சுக்காகக் கட்டும் அறையின் தூசியே அவனுக்கு ஆகவில்லை. பகலெல்லாம் அவனை எதிர்வீட்டு லூர்துமேரி அக்காவிடம் விட வேண்டியதாயிற்று. லூர்துமேரி அக்கா அக்கம்பக்கத்தில் பிரசவம் பார்ப்பவர். கஷாயத்தை நீட்டினால் பாலு, "நக்கோ, நக்கோ, வேணாம்" என்று அவர் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அம்மா அடுப்புக்கும் சுவருக்கும் எதிர்வீட்டுக்கும் நாள் முழுக்க நடந்தாள்.

அப்போது ஒரு விஷயம் அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவள் வயிற்றில் மறுபடியும் குழந்தை.

எங்கள் வழக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் சுவர் இடிக்கக் கூடாது, நிலை வைக்கக் கூடாது, கூரை போடக் கூடாது. வெளியே தெரிந்தால் அன்றே வேலை நிற்கும், பிள்ளை பிறந்து தீட்டுக் கழிந்த பிறகுதான் தொடரும். அதற்குள் ஒரு மழைக்காலம் முழுசாகப் போய்விடும்.

அதை மறைப்பது லேசான காரியம் இல்லை. மாதம் மூன்று நாள் ஒதுங்குகிற பெண் ஒதுங்காமல் இருந்தால் அந்தச் சின்ன வீட்டில் அரை நாளில் தெரிந்துவிடும். அதனால் அம்மா பொய்யாக ஒதுங்கினாள். பங்குனிக் கடைசியில் மூன்று நாள், சித்திரையில் மூன்று நாள், பின்னால் விறகுச் சார்ப்பில் தட்டோடும் சொம்போடும் போய் உட்கார்ந்தாள். அத்தை சமைத்தாள், நான் சோறு கொண்டுபோய்த் தள்ளி வைத்தேன். சார்ப்பு சுவருக்கு நேர் எதிரே. அம்மா அங்கிருந்தபடியே ஒவ்வொரு வரிசையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரி, மூணாவது வரி வெளிய தள்ளுது."

"ஹவ் அம்மா, ஆமா. பிரிக்குதேன் நான்." காசிம் மேஸ்திரி தன் ஆட்களைப் பார்த்துச் சொல்வார்: "அம்மா நடந்தா கூட தொந்தரவு, குந்தினா ரொம்ப தொந்தரவு."

வைகாசியில் உத்தரம் ஏறியது. செங்கல் அடுக்கி, மேலே சுண்ணாம்பும் ஜல்லியும் கொட்டி, தளம் அடிக்க எட்டுப் பெண்கள் வந்தார்கள். வரிசையாகக் குத்தவைத்து மரக்கட்டையால் தட்டிக்கொண்டே நகர வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, ஏழு நாள் விடாமல். நடுவில் விட்டால் சுண்ணாம்பு அப்படியே வெடித்து இறுகிவிடும், பிறகு எத்தனை அடித்தாலும் ஒழுகும். இதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லித் திரிந்த அம்மா, அந்த மாதம் ஒதுங்க வேண்டும் என்பதை மறந்துபோனாள்.

மூன்றாம் நாள் காலை அம்மா ஏணியில் பாதி ஏறியிருந்தாள், இடுப்பில் வெல்லத் தண்ணீர்ப் பானை. அத்தை சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

"மங்களம். அடுப்பு என் கைக்கு வந்து எத்தினி நாளாச்சு?"

"என்ன அண்ணி, இப்பப் போயி..."

"நாப்பத்திரெண்டு நாள். இப்பத்தான் நெனச்சேன், என்னடா, நான் கொழம்பு வச்சு ரொம்ப நாளாச்சேன்னு. எறங்கு கீழ."

அம்மா இறங்கவில்லை. அத்தை அவளையே பார்த்தாள். முகத்தை இல்லை, வயிற்றை.

"எறங்குடி. கால் தவறிடப் போகுது."

அந்தக் குரலில் கோபம் இல்லை என்பது எனக்கு அப்போதே விளங்கியது, ஏன் என்றுதான் விளங்கவில்லை. பின்னால் அப்பா சொன்னார். கல்யாணமான இரண்டாம் வருஷம் அத்தை கர்ப்பமாயிருந்தபோது, நல்ல நாள் தவறக் கூடாதென்று அவள் மாமனார் புது நிலை வைத்தார். பிள்ளை செத்துப் பிறந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு உண்டாகவே இல்லை.

அத்தை தளத்தில் இருந்த பெண்களை இறங்கச் சொல்லிவிட்டாள். ஒருத்தியை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பி அப்பாவை வரவழைத்தாள். அவர் வந்து செங்கல் குவியலில் உட்கார்ந்தார்.

"அக்கா சொல்றது நெசமா, மங்களம்?"

"நெசந்தாங்க. நாலு நடக்குது."

"நாலு மாசமா எங்கிட்டயா மறைச்ச?"

"சொன்னா கட்டியிருப்பீங்களா?"

காசிம் மேஸ்திரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "சாப், வீட்டு விஷயத்துல நான் பேசக் கூடாது. ஆனா சாயங்காலத்துக்குள்ள கட்டை விழலேன்னா இந்த தளம் செத்துப்போச்சு."

"போகட்டும்" என்றாள் அத்தை. "தளம் இன்னொண்ணு போட்டுக்கலாம்."

"பாலு இன்னொருத்தன் கெடைப்பானா அண்ணி?" என்றாள் அம்மா.

"அவனுக்கு நீ பேசற. உள்ள இருக்கிறதுக்கு யாரு பேசறது?"

"அது இன்னும் மூச்சு விட ஆரம்பிக்கல. இவன் விட்டுக்கிட்டிருக்கான்."

சொன்னதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சொல்லியாகிவிட்டது. அத்தை உள்ளே போனாள். திறந்து கிடந்த பின்சுவர் வழியே அவள் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பது தெரிந்தது. அம்மா வெளியே நடந்தாள். அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அத்தை ஒரு தட்டில் வெற்றிலையும் மஞ்சளும் சொம்பில் தண்ணீரும் கொண்டுவந்தாள்.

"தம்பி, எந்திரி. இந்த வீட்டை எம் பேருக்குத் தாரை வார்த்துக் குடு."

"என்னக்கா இது?"

"பிள்ளைத்தாய்ச்சியோட புருஷன் வீடு கட்டக் கூடாதுன்னுதான் சாஸ்திரம். நான் பிள்ளைத்தாய்ச்சி இல்லையே. வீடு என்னோடது, வேலையும் என்னோடது. இவ பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வெளிய போயிடணும். தளம் முடியற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது, ஒரு கல்லைத் தொடக் கூடாது. சம்மதமா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையாட்டினாள். அத்தை நீட்டிய கையில் அப்பா தண்ணீரை ஊற்றினார். அவ்வளவுதான். காசிம் மேஸ்திரி தொப்பியைப் போட்டுக்கொண்டார். ரயில்வே மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் கட்டைச் சத்தம் மறுபடி கேட்டது.

மீதி நான்கு நாளும் நாங்கள் லூர்துமேரி அக்கா வீட்டில் இருந்தோம். அம்மாவுக்குச் செய்ய ஒன்றும் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்த வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் தேய்த்தாள், தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். ராஜத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். பார்க்க முடியாததால் காதால் வேலை வாங்கினாள். ஈரத் தளத்தில் கட்டை சொத்தென்று விழும், இறுக இறுகக் கணீரென்று வரும். அம்மா திடீரென்று நின்று தலையைச் சாய்ப்பாள்.

"ஜலஜா, ஓடு. கிணத்துப் பக்கத்து மூலையில சத்தம் மழுங்கலா இருக்குன்னு அத்தைகிட்ட சொல்லு."

நான் ஓடுவேன். அத்தை மேலே எட்டுப் பெண்களோடு ஒன்பதாவதாகக் குத்தவைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள், முட்டி வரை சுண்ணாம்பு. "வீட்டுக்காரி நானு. வாடகைக்கு இருக்கிறவ வாயைப் பொத்திக்கிட்டு இருக்கச் சொல்லு" என்பாள். நான் இறங்கும்போது எல்லோரும் அந்த மூலைக்கு நகர்ந்திருப்பார்கள்.

லூர்துமேரி அக்கா அம்மாவிடம், "கொஞ்சம் உக்காரு மங்களம், உன்னப் பாத்தா எனக்குக் கால் வலிக்குது" என்றார். அம்மா உட்கார்ந்தாள். மூன்று எண்ணுவதற்குள் எழுந்துவிட்டாள்.

தளம் முடிந்து ஆறாம் நாள் மழை வந்தது, மத்தியானம், காற்றோடு. பின்சுவர் இருந்த இடத்தில் அப்பா கதவு மாட்டியிருந்தார். நாங்கள் ஆறு பேரும் புது அறையில் கூரையைப் பார்த்தபடி நின்றோம். ஒரு சொட்டு இல்லை. கூடத்து ஓட்டில் வழக்கம்போல மூன்று இடத்தில் ஒழுகி, பாத்திரம் வைக்க வேண்டியிருந்தது. அம்மா நாற்காலி போட்டு ஏறப் போனாள், உத்தரத்தைத் தொட்டுப் பார்க்க. அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

அந்த மழைக்காலத்தில் பாலுவுக்கு ஒரே தடவை இழுப்பு வந்தது, ஆடியில், இரண்டு நாள். உதடு நீலமாகவில்லை. அம்மா மட்டும் அமைதியாகவில்லை. அவன் கட்டிலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றுவாள், சுவரில் கன்னத்தை வைத்து ஈரம் பார்ப்பாள். சில சமயம் கை தானாக வயிற்றுக்குப் போகும். அசைகிறதா என்று பார்க்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஐப்பசிக் கடைசியில் அந்த அறையில்தான் வலி எடுத்தது. லூர்துமேரி அக்கா வந்தார். எங்களை எதிர்வீட்டில் விட்டார்கள். பிறந்தது பையன். அழவில்லை. லூர்துமேரி அக்கா தலைகீழாகப் பிடித்துத் தட்டினார், வெந்நீரிலும் குளிர்ந்த நீரிலும் மாற்றி மாற்றி முக்கினார். அரை மணி நேரம் விடவில்லை என்று பின்னால் சொன்னார். அது மூச்சு விட ஆரம்பிக்கவே இல்லை.

கூரை போட்டதால்தான் அப்படி ஆயிற்று என்று நான் நினைக்கவில்லை. கல்லூரியில் படித்தவள், நினைக்கக் கூடாது என்றும் தெரியும். ஆனால் அம்மா அந்த அறையில் படுத்துக்கிடந்த ஒன்பது நாளும் அன்று அத்தையிடம் தான் சொன்ன வார்த்தையையே கேட்டுக்கொண்டிருந்திருப்பாள் என்று நினைக்கிறேன். அவள் அழவில்லை. படுக்கையில் கால்களை மட்டும் ஓயாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் நான் அவளுக்கு அருகில் இருந்தேன். அத்தை வாசலில் வந்து நின்றாள். இத்தனை நாளும் 'அப்பவே சொன்னேனே' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

"மங்களம், ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க" என்றாள். "இது எம் பேர்ல இருக்கிற வீடு. கூரை போட்டது நான். நீ அப்ப இந்த வாசல்லயே இல்ல. இதுல நல்லது கெட்டது எது வந்தாலும் எங்கிட்டதான் கணக்கு. உன்மேல ஒண்ணும் இல்ல."

அம்மா கால்களைத் தேய்ப்பதை நிறுத்தினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணு போனது போதும் அண்ணி" என்றாள். "இது என்னோடது. வீட்டைத் திருப்பிக் குடுங்க."

"படு, அப்புறம் பேசலாம்."

"இப்பவே குடுங்க. பாலுவுக்குக் கட்டினவ நான். அவன் பொழைச்சது நான் கட்டினதாலன்னா, இது போனதும் நான் கட்டினதாலதான். ஒண்ணை மட்டும் வச்சுக்க முடியாது."

அத்தை உள்ளே வந்தாள். பிறகு என்னிடம் சொம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். அம்மா இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். அத்தை ஊற்றினாள். தண்ணீர் விரலிடுக்கு வழியே பாயில் விழுந்தது, அத்தை நிறுத்தாமல் சொம்பு காலியாகும்வரை ஊற்றினாள்.