சிங்கங்களின் வக்கீல்

ஹவானாவின் மத்தியப் பூங்காவில் காலை பத்து மணிக்கெல்லாம் சண்டை தொடங்கிவிடும். புதிதாக யாராவது பார்த்தால் கொலை விழப்போகிறது என்றுதான் நினைப்பார்கள். மர நிழலில் முப்பது நாற்பது ஆண்கள் நெருக்கியடித்துக்கொண்டு, ஒருவர் மூக்குக்கு நேரே இன்னொருவர் விரலை ஆட்டிக் கத்திக்கொண்டிருப்பார்கள். எல்லாம் பேஸ்பால் விஷயம்தான். தலைநகரின் சிங்கங்கள் அணி பலமா, கிழக்கே சான்டியாகோவின் குளவிகள் அணி பலமா என்பதுதான் பாதி நாள் பேச்சு. ஆனால் அடிதடி நடந்ததில்லை. கை ஓங்கியவனோடு மறுநாள் யாரும் வாதாட மாட்டார்கள். அங்கே அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

அந்தக் கூட்டத்தில் ஆர்செனியோவுக்கு ‘வக்கீல்’ என்று பெயர். சிங்கங்களுக்காக அவரைப் போல வாதாட ஆள் இல்லை. நாற்பத்து நான்கு வயது, ஒல்லியான உடம்பு, தலையில் சிங்கங்களின் நீலத் தொப்பி. பிழைப்பு மெத்தை தைப்பது. பழைய மெத்தையைப் பிரித்து, தளர்ந்த ஸ்பிரிங்குகளைக் கம்பியால் இழுத்துக் கட்டி, பஞ்சை உதறி மறுபடி தைத்துக் கொடுப்பார். வேலையெல்லாம் பூங்காப் பழக்கத்தில் வருவதுதான். ‘நம்ம வக்கீல்’ என்றால் யார் வீட்டுக் கதவும் திறக்கும்.

அவருடைய குடும்பப் பெயர் மட்டும் அங்கே யாருக்கும் தெரியாது. துவெர்ஹெல் என்ற அந்தப் பெயர் தீவின் கிழக்குக் கோடியில்தான் இருக்கிறது. சொன்ன உடனே ஊர் தெரிந்துவிடும்.

ஆர்செனியோ பிறந்தது சான்டியாகோவுக்குப் பக்கத்தில், சோங்கோவில். தலைநகருக்கு வந்து எட்டு வருடம். வந்ததற்கு முந்தைய வருடம், தொண்ணூற்றேழில், ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அனுமதி இல்லாமல் வெளி மாகாணத்துக்காரர்கள் ஹவானாவில் குடியிருக்கக் கூடாது. பிடிபட்டால் ரயிலேற்றித் திருப்பி அனுப்புவார்கள். மனைவி நொயெலிஸ் ஹவானாக்காரிதான். ஆனால் வீட்டில் ஆளுக்குப் பத்துச் சதுர மீட்டர் இடம் இருந்தால்தான் அவரைப் பதிவு செய்ய முடியும். நொயெலிஸ், அவள் அம்மா, மகள் யாமிலா, அவர் என்று நான்கு பேர். அதிகாரி டேப்பைப் பிடித்து அளந்தபோது முப்பத்து நான்குதான் வந்தது. குறைந்த ஆறு மீட்டருக்கு எங்கே போவது? மாமியார் செத்தால்தான் உண்டு என்று அந்த அம்மாவே சிரித்துக்கொண்டு சொல்வாள். அவர் அடையாள அட்டையில் இன்னும் சோங்கோ முகவரிதான் இருந்தது.

அவர் சிங்கங்களின் பக்கம் போனதற்குக் காரணம் ஒரு போலீஸ்காரன். ஹவானாவுக்கு வந்த முதல் வாரம், பூங்கா ஓரமாக ஒரு போலீஸ்காரன் ஒவ்வொருவராக நிறுத்தி அட்டை கேட்டுக்கொண்டே வந்தான். ஓடினால் சந்தேகம் வரும். ஆர்செனியோ பக்கத்தில் கத்திக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் நுழைந்து, தனக்கு முன்னால் நின்றவன் சொன்னதையே இன்னும் உரக்கக் கத்தினார். குளவிகளுக்குப் பந்து பிடிக்கத் தெரியாது, அதுகளை ரயிலேற்றி விடுங்கள் என்று. போலீஸ்காரன் ஒரு நொடி பார்த்துவிட்டுச் சிரித்தபடி தாண்டிப் போய்விட்டான். சிங்கங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவனிடம் எவன் அட்டை கேட்பான்?

மறுநாளும் போனார். அதற்குப் பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு, லாரியில் தொற்றிக்கொண்டு குளவிகளின் ஆட்டம் பார்க்கப் போனவர் அவர். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு ஆட்டக்காரனும் எந்தப் பந்துக்குத் திணறுவான் என்பது அத்துப்படி. அந்த அறிவைத்தான் இப்போது அவர்களுக்கு எதிராகவே விற்றுக்கொண்டிருந்தார். நேசிக்கிறவனுக்குத்தான் ஓட்டை எங்கே என்று தெரியும் அல்லவா? அதனால்தான் அவர் வாதம் அவ்வளவு கூர்மையாக இருந்தது. கிழக்கிலிருந்து வருகிறவர்களை ஹவானாவில் ‘பாலஸ்தீனக்காரன்’ என்பார்கள், சொந்த நிலம் இல்லாமல் வந்து ஒண்டியவன் என்கிற அர்த்தத்தில். அந்த வார்த்தையைப் பூங்காவில் எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் ஆர்செனியோதான்.

வீட்டிலும் விடுதலை இல்லை. ஒரே முற்றத்தைச் சுற்றிப் பதினாறு குடும்பம், எல்லாமே அட்டைச் சுவர். ரேடியோவில் குளவிகள் ஒரு ஹோம் ரன் அடித்தால் அவர் சந்தோஷத்தை மறைக்க எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொள்வார். சிங்கங்கள் ஜெயித்த அன்று நொயெலிஸ் அவர் விலாவில் இடிப்பாள். “மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத. நம்ம ஆளுங்க ஜெயிச்சிருக்காங்க, வெளிய போய்க் கொஞ்சம் சிரிச்சிட்டு வா.” அவரும் போய்ச் சிரித்துவிட்டு வருவார்.

நாக்கைத்தான் முதலில் பழக்கினார். கிழக்கத்தியப் பேச்சில் ஒரு இழுப்பு உண்டு. அதை வெட்டினார். சில வார்த்தைகளை விட்டார். வாழைப்பழத்துக்கு ஊரில் ஒரு பெயர், இங்கே ஒரு பெயர். வாளிக்கு இங்கே ‘கூபோ’, அங்கே ‘பால்தே’. ஹவானாவில் பிறந்தவன் செத்தாலும் பால்தே என்று சொல்ல மாட்டான். ராத்திரி தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று முதல் ஒரு வருடம் அவருக்குப் பயம் இருந்தது.

அந்த வருடம் இறுதித் தொடரில் சிங்கங்களும் குளவிகளும் மோதுவதாக முடிவானது. முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள், ஆளாளுக்குக் கத்தினால் விடியாது, முறையாக ஒரு வழக்கு நடத்துவோம் என்று பூங்காவில் தீர்மானித்தார்கள். மைதானத்தில் ஒன்பது இடம். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு அணியின் ஆளையும் எடுத்துவைத்து வாதாட வேண்டும். நீதிபதி எலிசியோ, சுருட்டு சுற்றும் கிழவர், மேற்கு மாகாணத்துப் பச்சை அணிக்காரர், அதனால் இருவருக்கும் பொது எதிரி. சிங்கங்களுக்கு ஆர்செனியோ. குளவிகளுக்கு லிசார்தோ.

லிசார்தோ ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சான்டியாகோக்காரர். நாற்பது வருடத்துக்கு முன்பே வந்துவிட்டதால் காகிதமெல்லாம் சுத்தம். ஊர்ப் பேச்சை ஒரு எழுத்துகூட மாற்றிக்கொள்ளாதவர். அவர் வாயைத் திறந்தாலே “ரயில் டிக்கெட் எங்க பெருசு?” என்று நான்கு பேர் கத்துவார்கள். “அந்த ரயிலை ஓட்டுனதே நாந்தாம்லே,” என்று அவரும் சலிக்காமல் பதில் சொல்வார். ஆர்செனியோ அவரை நேருக்கு நேர் பார்ப்பதைத் தவிர்ப்பார். அந்தப் பேச்சைக் கேட்டால் தன் நாக்கும் கூடவே இழுத்துவிடுமோ என்று பயம்.

அன்று கூட்டம் இரண்டு மடங்கு. ஓரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள்கூட நின்று கேட்டார்கள். கேட்சர் குளவிகளுக்குப் போனான். முதல் பேஸ் சிங்கங்களுக்கு. ஷார்ட்ஸ்டாப்புக்கு அரை மணி நேரம் பிடித்தது. எலிசியோ ஒவ்வொரு தீர்ப்பையும் கல் பெஞ்சில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக் குறித்தார். எட்டு முடிந்தபோது நாலுக்கு நாலு. மிச்சம் பந்தை எறிகிற பிட்சர்.

லிசார்தோ குளவிகளின் பிட்சரைப் பற்றி நிறுத்தி நிதானமாகப் பேசினார். நல்ல பேச்சு. அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை என்று ஆர்செனியோவுக்குத் தெரியும். கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் ஆர்செனியோ எழுந்தார். சிங்கங்களின் இடது கைக்காரன் யூதெலை எடுத்துக்கொண்டார். போன மாதம் முழங்கை வீங்கியிருந்தும் அவன் ஒன்பது இன்னிங்ஸும் எறிந்த கதை. வழக்கமான சாமர்த்தியத்தோடுதான் ஆரம்பித்தார். ஆனால் பேசப் பேச அவருக்குள் சூடு ஏறியது. வலியை மறைத்துக்கொண்டு யாரோ கேட்கிறார்களே என்பதற்காக எறிந்துகொண்டே இருப்பது எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். யூதெலை உண்மையாகவே பிடித்துப்போய்விட்டது.

“ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிஞ்சும் உள்ள வந்து என்ன பண்ணான் தெரியுமா? யார்கிட்டயும் பேசல. ஐஸ் போட்ட பால்தேக்குள்ள கையை விட்டுக்கிட்டு...”

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

முன்னால் நின்ற மார்சியால், போன வருடம் அவரிடம் இரட்டைக் கட்டில் மெத்தை தைத்து வாங்கியிருந்த ஆள், கண்ணைச் சுருக்கினான்.

“என்ன மச்சான் சொன்ன? பால்தேயா?”

யாரோ பின்னால் அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னார்கள். ஓரத்தில் நின்ற போலீஸ்காரர்களில் இளையவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். ஆர்செனியோவுக்கு நொயெலிஸ் முகம் வரவில்லை, மகள் முகம் வரவில்லை, ரயில் பெட்டியின் மர இருக்கைதான் கண்ணுக்குள் வந்தது.

அப்போது லிசார்தோ தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். “பாத்தியளா! என்னைப் பழிக்காம்லா இவன்! என் பேச்சை வச்சே என்னைக் கிண்டல் பண்ணுதான். எலிசியோ, இது வழக்கா இல்ல நாடகமா? சரி வே வக்கீலு, ஆரம்பிச்சிட்டீரு, முழுசாப் பேசிக் காட்டும். பாலஸ்தீனக்காரன் எப்படிப் பேசுவான்னு ஊரே கேக்கட்டும்.”

கூட்டம் அவரையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தது. வேறு வழி இல்லை. ஆர்செனியோ வாயைத் திறந்தார். எட்டு வருடம் கட்டிவைத்திருந்த இழுப்பு, கூப்பிடக் காத்திருந்ததுபோல வந்தது.

“ஆமா அண்ணாச்சி, நான் கெழக்க இருந்து வந்தேம்லா. கையில ஒரு பால்தே, அதுக்குள்ள ரெண்டு கோழி. எங்க பிட்சரு பந்தை எறிஞ்சாம்னா, அது ஹவானா வந்து சேர மூணு நாளாவும். ரயில்லலா வருது.”

வெடித்துவிட்டார்கள். மார்சியால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். “அச்சு அசலா அவனுங்க மாதிரியேடா,” என்று கண்ணைத் துடைத்தான். ஆர்செனியோ நிறுத்த நினைத்தார், நிறுத்த முடியவில்லை. தன் அம்மா கோழியைக் கூப்பிடுவது, தன் மாமா ரேடியோவைத் திட்டுவது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு எழுந்தது. எலிசியோ ஐந்தாவது கோட்டைச் சிங்கங்கள் பக்கம் போட்டார். வாதத்துக்கு இல்லை, விகடத்துக்கு என்று சொல்லியே போட்டார்.

கூட்டம் கலைந்ததும் லிசார்தோ பக்கத்தில் வந்து நின்று சிகரெட் பற்றவைத்தார். எந்த ஊர் என்று கேட்டார். ஆர்செனியோ சொன்னார். லிசார்தோ தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார். அவர் கிழக்கத்தியர் என்பது ஆறு வருடமாகவே தெரியுமாம். குளவிகளை அவ்வளவு சரியாகத் திட்ட ஹவானாக்காரனால் முடியாதாம்.

“உம்மைக் காப்பாத்தினேன்னு நெனைச்சுக்கிடாதேயும். நீரு போயிட்டா நான் யாருகூடச் சண்டை போட?”

ஆர்செனியோவுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. அம்மாவின் குரலை அந்தக் கூட்டத்துக்கு முன்னால் எடுத்து வைத்தது நெஞ்சில் கிடந்து உறுத்தியது.

தப்பித்தாயிற்று என்று அன்றைக்கு நினைத்தார். அது இரண்டு நாள்கூட நிற்கவில்லை. பூங்காவுக்குள் நுழைந்ததுமே, “வக்கீலே, அந்தப் பாலஸ்தீனக்காரனைக் கொஞ்சம் போடு,” என்று கேட்டார்கள். போட்டார். மறுநாளும் கேட்டார்கள். இப்போதெல்லாம் ஆட்டத்தைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை. மெத்தை தைக்கப் போன வீட்டிலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பேசச் சொன்னார்கள். மாட்டேன் என்றால் ஏன் என்று யோசிப்பார்கள். யோசிக்க ஆரம்பித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்த இளைய போலீஸ்காரனும் தினமும் வந்தான். பதினொரு மணிக்கு, நெருங்கி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். எல்லோரும் சிரிக்கும்போது அவன் சிரித்ததே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சொல்லச் சரக்கு தீர்ந்துபோனது. கூட்டம் காத்திருந்தது. ஆர்செனியோ வேறு ஒன்றும் தோன்றாமல், அதே இழுப்பில், உள்ளதைச் சொல்லத் தொடங்கினார். சோங்கோவிலிருந்து வந்ததை, அட்டையில் இன்னும் அந்த முகவரியே இருப்பதை, அதிகாரி டேப்போடு வந்ததை, ஆறு மீட்டர் குறைந்ததை, மாமியார் தன் சாவைக் கணக்கில் சேர்க்கச் சொன்னதை. மாமியார் கட்டத்தில் மார்சியால் சிரித்துச் சிரித்து இருமினான். எங்கிருந்துதான் இதையெல்லாம் பிடிக்கிறானோ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். லிசார்தோ மட்டும் பாதியில் எழுந்து போய்விட்டார்.

கூட்டம் மறுபடி பிட்சர் பேச்சுக்குப் போனதும் போலீஸ்காரன் அருகில் வந்தான். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். அந்தக் குரலில் அதே இழுப்பு இருந்தது. போலீஸ் வேலைக்கென்று கிழக்கிலிருந்து கொண்டுவந்த பையன்களில் ஒருவன்.

“நீரு பேசுதது நெசமா, நடிப்பா?”

ஆர்செனியோ சுத்தமான ஹவானாப் பேச்சில் சொன்னார். “நடிப்புதான் தம்பி. எட்டு வருஷமா நடிக்கிறேன்.”

அவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைப் பையிலிருந்த குறிப்புப் புத்தகத்தைத் தொட்டான், எடுக்கவில்லை.

“நாளைக்கும் பேசும். வந்து கேப்பேன்,” என்றான்.

அது கட்டளையா, கெஞ்சலா என்று ஆர்செனியோவுக்குப் புரியவில்லை. வீடு வரை நடந்தபடி யோசித்தார், நொயெலிஸிடம் சொல்லிப் பார்த்தார், அவளுக்கும் தெரியவில்லை. போகாதே என்றாள் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, போகாமல் இருந்தால் இன்னும் மோசம் என்றாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் நீலத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.