வேனுக்குள் பதினோரு அம்புக்குறிகள்

வேன் வாங்கப் போன அன்றைக்கும் என் சட்டைப்பையில் ஸ்டிக்கர் தாள் இருந்தது. பனியன் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாகச் செக்கிங் டேபிளில் நிற்பவன் நான். குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். தைத்து வரும் பனியனை விரித்துப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ கண்ணில் பட்டால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அது ஆல்ட்டர். தையல்காரர் சரிசெய்து திருப்பி அனுப்புவார். யார் ஒட்டினார்களோ அவர்கள் கைக்கே அது மறுபடி வர வேண்டும். அவர்களே பார்த்து, திருப்தி என்றால் ஸ்டிக்கரை உரிக்க வேண்டும். வேறு யாராவது உரித்தால் அன்றைக்கு அவர்கள் சூப்பர்வைசர் வாயில் விழுந்து எழுந்திரிக்க வேண்டியதுதான். தேறவே தேறாத பீஸுக்கு ஸ்டிக்கர் கிடையாது. அது நேராக ரிஜெக்ட் பெட்டிக்குப் போய்விடும்.

எனக்கு எதிர் டேபிளில் செக்கராக நின்றவளைத்தான் கட்டிக்கொண்டேன். என்னைவிட அவளுக்குக் கண் கூர்மை. கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், நான் பாஸ் பண்ணிய பீஸை எடுத்து அதில் மூன்று அம்பு ஒட்டி என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேச்சு பெரும்பாலும் அப்படித்தான்.

அவள் பெங்களூரு போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. மகனுக்குக் குழந்தை பிறந்தது. மருமகளும் வேலைக்குப் போகிறாள். "மூணே மாசந்தானுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். பிறகு பல் முளைக்கட்டும் என்றாள், நடக்கட்டும் என்றாள், பேச்சு வரட்டும் என்றாள். குழந்தை எல்லாம் நேரத்துக்குச் செய்தது. இவள்தான் வரவில்லை. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டையாக இருந்தால் நாலு பெரிய மனுஷர்களை வைத்துப் பேசித் தீர்த்திருக்கலாம். பேரக்குழந்தையோடு யார் போய் வழக்குப் பேசுவது?

நல்லூரில் நாங்கள் குடியிருக்கும் மாடிக்குக் கீழே நான்கு நிட்டிங் மெஷின்கள் ஓடுகின்றன. அந்தச் சத்தம் இருக்கிறவரைக்கும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை மெஷின் நின்றுவிட்டால் எனக்கு ஆகவே ஆகாது. டிவியைப் போட்டுவிட்டு வேறு அறையில் உட்கார்ந்திருப்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் செல்போனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். யாரோ ஒரு புருஷனும் பெண்சாதியும் பழைய வேனுக்குள் கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, ஊர் ஊராகப் போகிறார்கள். உடனே எனக்குப் பழனி போகும் பஸ் ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் முருகனைப் பார்க்கப் போகையில், உடுமலைப்பேட்டை தாண்டிக் மின்சாரக் காற்றாடிகள் தெரிய ஆரம்பித்ததும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். "இங்கயே எறங்கி ரெண்டு நாளைக்குச் சும்மா ஒக்காந்துக்கிட்டா எப்புடி இருக்கும்" என்பாள். "நாளைக்கு ஷிப்மெண்ட் இருக்குது" என்பேன் நான். ஒருமுறைகூட இறங்கியதில்லை.

வேன் இருந்தால் வருவாள் என்று நினைத்தேன். அதற்காகத்தான் வாங்கினேன். வெளியே யார் கேட்டாலும் வேறு காரணம் சொன்னேன், அவள் கேட்டபோதும்.

வேன் சாமளாபுரத்தில் ஒரு விசைத்தறிக்காரரிடம் இருந்தது. நூல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. பெரிய வண்டி வாங்கிவிட்டதால் இதைத் தள்ளிவிடப் பார்த்தார். கதவைத் திறந்ததும் இண்டு இடுக்கெல்லாம் பஞ்சு. நான் வழக்கம்போல் கை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன். துரு, நசுங்கல், வெடிப்பு, பாதி மூடும் கண்ணாடி. என்னை அறியாமலே ஸ்டிக்கர் தாளை எடுத்து ஒட்ட ஆரம்பித்துவிட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விசைத்தறிக்காரர் பின்னாலேயே வந்தார்.

"ஏனுங்ணா, வண்டி வாங்க வந்தீங்களா, பொட்டு வெக்க வந்தீங்களா?"

"பழக்கதோசமுங்க."

தாள் தீர்ந்துபோனது. அவர் முகமும் சுண்டிப்போனது. "இத்தன குத்தமிருந்தா வேற வண்டி பாத்துக்கோங்க" என்றார். எங்கள் தொழிலில் வேண்டாத பீஸுக்கு ஸ்டிக்கர் ஒட்ட மாட்டோம், ஒட்டினால் அதை எடுத்துக்கொள்கிறோம் என்றுதான் அர்த்தம் என்று விளக்கினேன். அவர் ஒரு தடவை வண்டியைச் சுற்றி வந்து அம்புகளைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். விலையும் இறங்கியது.

சாயங்காலம் அவளுக்குப் போன் போட்டேன்.

"வேன் ஒண்ணு வாங்கியிருக்கறேன்."

"வேனா? எதுக்குங்க?"

"உள்ளயே படுக்கற மாதிரி பண்ணிக்கிட்டு ஊர் சுத்தத்தான்."

பின்னால் குழந்தை எதையோ போட்டு உடைத்த சத்தம் கேட்டது. அவள் அதைப் பார்க்கப் போகவில்லை. "தனியாவா போறீங்க?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு எனக்கு நாக்கு நுனியில் பதில் இருந்தது. 'நீ வந்தா ரெண்டு பேரு' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "ஆமா, பின்ன எனக்கு யாரு இருக்கறாங்க" என்று சொன்னேன். குத்த வேண்டும் என்றே சொன்னேன். குத்தியது.

"செரிங்க. பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள்.

எங்கள் தெருமுனையில் மரவேலை செய்கிறவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வேனுக்குள் ஏறி அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, "கட்டிலு ஒரு ஆளுக்கா, ரெண்டு ஆளுக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"ஒரு ஆளுக்கு."

"எடம் கெடக்கே. ரெண்டு பேரு தாராளமா படுக்கலாம்."

"சொன்னதச் செய்ங்க."

வாய் அப்படிச் சொன்னது. ஆனால் பக்கவாட்டுக் கதவுக்குக் கீழே ஒரு தணிவான மரப்படி வேண்டும் என்றும் நான்தான் கேட்டேன். அவளுக்கு முழங்கால் வலி, சட்டென்று உயரம் ஏற மாட்டாள். "ஒங்களுக்குக் காலு நல்லாத்தான இருக்கு?" என்று அவர் கேட்டபோது நான் தரையிலிருந்து ஒரு சாண் அளந்து காட்டினேன். படியைச் செய்து மாட்டினார்.

மற்ற வேலையெல்லாம் நானே செய்தேன், வாங்கிய அன்றைக்கு நான் ஒட்டிய அம்புகளையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்து உரித்துப் போட்டேன். பனியன்காரன் செய்யக்கூடிய முட்டாள்தனம் எல்லாவற்றையும் செய்தேன். மெத்தைக்குள் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துணித்துண்டுகளை, கட்டிங் வேஸ்ட்டை அடைத்தேன். ஜன்னல் திரையைப் பனியன் துணியிலேயே தைத்தேன். வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும் துணி அது என்பது இருபத்தெட்டு வருஷமாக எனக்குத் தெரியும். கையில் இருந்தது அதுதான். திரை இரண்டு பக்கமும் அப்பளம் பொரிந்த மாதிரி சுருண்டு நின்றது.

முதல் தடவை உடுமலைப் பக்கம் போனேன். ஒரு தென்னந்தோப்புக்காரரிடம் கேட்டு வேலியோரம் நிறுத்திக்கொண்டேன். மலை தெரிந்தது, காற்றாடிகள் தெரிந்தன. நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் திரும்பி நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. உப்புமா கிண்டிச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தைந்து வயசு ஆள் தோப்பில் நின்று அழுதுகொண்டிருந்தால் யாராவது பார்த்து வைக்கப் போகிறார்கள் என்று பயந்து, பொழுதிருக்கவே கிளம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். கம்பெனியில் கேட்டவர்களிடம் அருமையான இடம் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் ஒருமுறை வந்தாள், தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு. இரண்டே நாள். முதல் நாள் கல்யாணத்திலேயே போய்விட்டது. மறுநாள் காலையில், "எங்க அந்த வேனு" என்று அவளாகவே கேட்டாள். வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றிருந்த வண்டியைத் திறந்து காட்டினேன். மரப்படியில் கால் வைத்து ஏறினாள். தலையைக் குனிந்து ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குதுங்க."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மூன்று அம்பு ஒட்டி என் மானத்தை வாங்கியவள், கோணல்மாணலாகத் தைத்த திரையைப் பார்த்துவிட்டு நல்லாத்தான் இருக்குது என்கிறாள். வேண்டாத பீஸை அவள் எப்போதும் அப்படித்தான் கீழே வைப்பாள், குற்றம்கூடச் சொல்லாமல். எனக்கு அதுதான் தோன்றியது. அவளை அங்கேயே விட்டுவிட்டுக் கறி வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அதே வேனில் அவளைப் பஸ் ஏற்றிவிடக் கூட்டிப்போனேன். முன் சீட்டில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழி முழுக்க மருமகளுக்கு எதெல்லாம் சமைக்கத் தெரியாது என்பதைப் பற்றிப் பேசினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியே, "அடுப்ப அணைச்சுப்போட்டுப் படுங்க" என்றாள். எந்த அடுப்பு என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கூட்டலாம் என்று விளக்குமாற்றோடு வேனுக்குள் ஏறினேன். முதல் அம்பு அடுப்புப் பலகையில் இருந்தது. முனை திரையைப் பார்த்திருந்தது. திரைக்குப் பக்கத்தில் அடுப்பு வைத்திருக்கிறேன், தீப்பிடிக்கும் என்று அர்த்தம். டேஷ்போர்டில் நான் போட்டு வைத்திருந்த தாளிலிருந்துதான் எடுத்திருக்கிறாள். திரையின் சுருண்ட ஓரத்தில் இரண்டு. மெத்தையில் வேஸ்ட் கட்டி தட்டிப்போன இடங்களைக் கண்டுபிடித்து மூன்று. கதவுக் கைப்பிடியில் ஒன்று. நான் மிகவும் பெருமைப்பட்ட அந்த மரப்படியில்கூட ஒன்று. உட்கார்ந்து பார்த்தேன், ஒரு ஆணி தலை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் சேலை மாட்டியிருக்க வேண்டும். குடத்துக்கு அடியில் ஒன்று, வண்டி ஓடினால் குடம் உருண்டுவிடும் என்று; சாமி படத்தின் கீழே ஒன்று. படம் சாய்ந்திருந்தது.

பத்து எண்ணிவிட்டேன். பதினோராவது கட்டிலில் இருந்தது. வெளி விளிம்பில், சரியாக நடுவில் ஒட்டியிருந்தாள். அம்பு வெளியே பார்த்து, கட்டிலுக்கு அந்தப்பக்கம் காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டியது.

அகலம் பத்தாது.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் கறிக்கடையில் கோபித்துக்கொண்டு நின்ற அரைமணி நேரத்தில் அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகவில்லை. ஆல்ட்டருக்குப் போட்டிருக்கிறாள்.

மூன்று வாரம் வேலை நடந்தது. அடுப்பை இடம் மாற்றினேன். திரையைக் கழற்றி வீசிவிட்டுச் சாமளாபுரத்துத் தறித்துணி வாங்கித் தைத்தேன். வேஸ்ட்டைக் கொட்டிவிட்டு இலவம்பஞ்சு அடைத்தேன். கட்டிலை அகலப்படுத்த வேண்டும் என்று சொன்னதும் மரவேலைக்காரர், "அன்னைக்கே கேட்டம்லா" என்றார். உடனே அளவு நாடாவை எடுத்தார், நல்ல மனுஷன். ஸ்டிக்கர் ஒட்டிய சட்டத்தை மட்டும் கழற்றாமல் அப்படியே விட்டுவிட்டு, அதை ஒட்டிப் புதுப்பலகை சேர்க்கச் சொன்னேன். திரையிலும் மெத்தையிலும் இருந்தவற்றை மட்டும் பிய்யாமல் எடுத்துப் புதுத்துணியில் அதே இடத்தில் ஒட்டினேன். என் அம்பாக இருந்தால் உரித்துப் போட்டிருப்பேன். இது அவளுடையது. அவள் வந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

"ஆல்ட்டர் முடிஞ்சுது" என்று போனில் சொன்னேன்.

"எல்லாமுங்களா?"

"எல்லாந்தான்."

"கட்டிலு?"

"அதுந்தான்."

"பாப்பா ப்ளே ஸ்கூல்ல சேரட்டுங்க, வர்றேன்" என்றாள். சேர்த்தார்கள். மத்தியானம் போய் அழைத்துவர ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் அவள்தான்.

நான் மறுபடியும் அந்தத் தோப்புக்குப் போனேன். இந்தத் தடவை தங்கினேன். மறுநாள் காலை மரப்படியில் உட்கார்ந்து அவளுக்குப் போன் போட்டேன். காற்று பலமாக இருந்தது. மழை எப்படி, கீழே மெஷின் எப்படி என்று வழக்கமான பேச்செல்லாம் முடிந்தது. வைக்கப் போகும்போது சொன்னேன்.

"தனியா இருக்க முடியல அம்மிணி. நீ வந்துரு."

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பேச்சை நான் அவளிடம் பேசியதில்லை. எனக்கே குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் குழந்தை "அப்பாயி, அப்பாயி" என்று அவளை இழுத்தது.

"ஸ்டிக்கர உரிச்சுப்போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான்கு மாதம் ஆகிறது. வெயில் படுகிற பக்கம் இருக்கிற அம்புகள் சிவப்புப் போய் ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டன. குடத்தடியில் இருந்தது ஈரத்தில் கழன்றது, பசை போட்டு அதே இடத்தில் ஒட்டினேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோப்புக்குப் போகிறேன். கட்டில் இப்போது இரண்டு பேருக்கு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும்போது, பழைய பலகையிலேயே வேன் சுவரை ஒட்டி ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறேன். புதுப்பலகை மேல் இன்னும் படுக்கவில்லை.